எண்ணெய்ச் செல்வமும் கரியமில வாயுவும்

கேள்வி: ஒரு நாடு வளரும்போது கரியமில வாயு உமிழ்வு முதலில் கூடும், செல்வம் ஓரளவு சேர்ந்தபின் தானாகவே குறையும் என்று பொருளியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். சவுதி அரேபியாவும் அந்தப் பாதையில்தானே போகிறது? பிறகு ஏன் அதைக் குறை கூறுகிறீர்கள்? (மதுரை வாசகர்)

பதில்: தானாகக் குறையும் என்பதை நான் ஏற்கவில்லை. நீங்கள் குறிப்பிடும் கருத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, ஜீன் கிராஸ்மன், ஆலன் குரூகர் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் ஆராய்ந்தது கந்தக டை ஆக்சைடு, புகை போன்ற நகர மாசுகளை. அந்த மாசு அதை உண்டாக்கும் ஊராரின் மூச்சையே அடைப்பதால், வசதி வந்ததும் அவர்கள் அதைத் தடுக்கச் சொல்லி அரசை நெருக்குவார்கள். கரியமில வாயு யார் தொண்டையையும் அடைக்காமல் உலகம் முழுவதும் பரவிவிடுவதால், அப்படியொரு நெருக்குதல் எழுவதில்லை.

சவுதியையே பாருங்கள். 1938இல் தம்மாமில் வணிக அளவில் எண்ணெய் கிடைத்த அந்த நாட்டில், இன்று தலைக்கு ஆண்டொன்றுக்கு 15 டன்னுக்கும் அதிகமான கரியமில வாயு வெளியாகிறது. இந்தியாவில் அது சுமார் 2 டன். பாலைவன வெயிலுக்குக் குளிர்சாதனமும் குடிநீருக்குக் கடல்நீர் சுத்திகரிப்பும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2015 இறுதிவரை அங்கே சாதாரண பெட்ரோல் லிட்டர் 45 ஹலாலா (நூறு ஹலாலா ஒரு ரியால்), அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 8 ரூபாய். கோடையில் மின்தேவை ஏறும்போது கச்சா எண்ணெயையே மின் நிலையங்களில் எரித்தார்கள். எரிபொருளும் மின்சாரமும் இவ்வளவு மலிவாக இருக்கும்போது, சுவருக்கு வெப்பத் தடுப்புப் போடவோ குறைவாகக் குடிக்கும் கார் வாங்கவோ யாருக்கு மனம் வரும்? செல்வம் கூடக்கூட நுகர்வும் கூடியது.

மாற்றம் வந்தது விலையால். 2016இலும் 2018 ஜனவரியிலும் அரசு விலையை உயர்த்தியதில், பெட்ரோல் 1.37 ரியாலுக்கும், வீடுகளுக்கான அடிப்படை மின்கட்டணம் யூனிட்டுக்கு 5 ஹலாலாவிலிருந்து 18 ஹலாலாவுக்கும் ஏறின. 2018இல் பொருளாதாரம் வளர்ந்தது, உமிழ்வு குறைந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் குடும்பங்கள்மீது 2017இல் விதிக்கப்பட்ட மாதக் கட்டணத்தால் பலர், நம் ஊர்க்காரர்கள் உட்பட, வெளியேறியதற்கும் இதில் பங்குண்டு. எப்படிப் பார்த்தாலும், எண்ணெய் விலை 2014இல் சரிந்து கருவூலம் சுருங்கியபின் எடுக்கப்பட்ட முடிவுகள் இவை. அதாவது, உமிழ்வைக் குறைக்கும் வேலை தொடங்கியது செல்வம் பெருகியபோது அல்ல, பணமுடை வந்தபோது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2060க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு, அதாவது வெளியிடும் அளவும் காற்றிலிருந்து நீக்கும் அளவும் சமமாகும் நிலை, என்று சவுதி 2021இல் அறிவித்தது நல்ல செய்திதான். சூரிய மின் நிலையங்களும் உண்மையாகவே எழுகின்றன. ஆனால் பன்னாட்டுக் கணக்கு முறைப்படி, எண்ணெய் எந்த நாட்டில் எரிகிறதோ அந்த நாட்டின் பெயரில்தான் உமிழ்வு எழுதப்படும். ஆகவே மின் நிலையங்களில் மிச்சமாகும் கச்சா எண்ணெய் கப்பலேறினால், சவுதியின் கணக்கில் குறையும் உமிழ்வு அதை வாங்கி எரிக்கும் நாட்டின் கணக்கில் ஏறும். அந்த எண்ணெயைப் பெருமளவில் வாங்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று.