கோழித் தீவனத்தில் பூண்டு, மஞ்சள், ஓமம்: எவ்வளவு, எப்படி?

கேள்வி: 30 முட்டைக்கோழிகள் வளர்க்கிறேன். பூண்டு, மஞ்சள், ஓமம் மூன்றையும் அரைத்து ஈரமாகவே தீவனத்தில் பிசைந்து வைக்கிறேன். இப்போது தீவனம் பாதி மிஞ்சுகிறது, முட்டையும் குறைந்துவிட்டது. மூலிகை ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: மூலிகை மேல் குற்றமில்லை. ஈரமும் அளவும்தான் கெடுத்திருக்கின்றன. ஈரத் தீவனம் சில மணி நேரத்தில் புளித்துவிடும், பிறகு பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நஞ்சு ஈரலைத் தாக்கினால் முட்டை குறையும். மிஞ்சியதைக் கொட்டிவிட்டு, தட்டுகளைக் கழுவி வெயிலில் காயவையுங்கள். ஐந்து நாள் வெறும் தீவனம் மட்டும் போடுங்கள்.

பிறகு ஒரே ஒரு மூலிகையோடு தொடங்குங்கள். மூன்றையும் சேர்த்துப் போட்டால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. நன்றாகக் காய்ந்த மஞ்சள்தூளோ ஓமத்தூளோ, 10 கிலோ தீவனத்துக்கு 50 கிராம் போதும். முதல் வாரம் 25 கிராம். 10 கிலோ என்பது 30 கோழிகளுக்கு ஏறக்குறைய மூன்று நாள் தீவனம். தூளை முதலில் 1 கிலோ தீவனத்தில் கலந்து, அதை மீதியோடு சேர்த்துப் புரட்டுங்கள். நேரடியாகக் கொட்டினால் தூள் ஒரே இடத்தில் தங்கிவிடும், ஒரு கோழிக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்கு இல்லாமலும் போகும்.

பூண்டைத் தண்ணீரில் கொடுப்பதே நல்லது. 2 பல்லை நசுக்கிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பூண்டின் வீரியப் பொருளான அல்லிசின் உருவாவது நசுக்கிய பிறகுதான். வேகவைத்தால் அது உருவாகாது. 1 லிட்டர் தண்ணீரில் கலந்து, வாரம் இருமுறை, காலையில் வைத்து மாலையில் கொட்டிவிடுங்கள். அளவு மீறினால் முட்டையில் பூண்டு வாடை வரும், இரத்தச் சிவப்பணுக்களும் சிதையும்.

தண்ணீரில் தடுப்பூசி மருந்து கொடுக்கும் நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் தண்ணீரில் எதையும் கலக்காதீர்கள்.

கேள்வி: மஞ்சள்தூள் போட்டால் முட்டையின் மஞ்சள் கரு நிறம் ஏறுமா?

பதில்: அதை நம்பிப் போடாதீர்கள். கருவுக்கு நிறம் தருவது லூட்டின் போன்ற நிறமிகள். மஞ்சளில் இருப்பது குர்குமின், உடல் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சும். மஞ்சள் மக்காச்சோளமும் கொத்தமல்லித் தழையும் முருங்கைக்கீரையும்தான் நிறத்தை ஏற்றும்.

கேள்வி: குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல். ஓமத்தண்ணீர் போதுமா?

பதில்: போதாது, தயவுசெய்து காத்திருக்காதீர்கள். ஓமத்தில் உள்ள தைமால் குடல் கிருமிகளை ஓரளவு அடக்கும், அவ்வளவுதான். இரத்தக்கழிச்சல் ஒரு சில நாளிலேயே குஞ்சுகளைக் கொன்றுவிடும். இன்றே கால்நடை மருத்துவரிடம் எச்சத்தைக் காட்டி, ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தை அவர் சொல்லும் அளவில் கொடுங்கள். நனைந்த கூளத்தையும் இன்றே அள்ளிவிடுங்கள். எச்சத்தோடு வெளியேறும் நோய்க்கரு ஈரத்தில் ஓரிரு நாளில் முதிர்ந்து மற்ற குஞ்சுகளுக்கும் தொற்றும்.