வலிக்காத புண்ணைப் படத்தில் எப்படிக் காட்டுவது?

கேள்வி: வீடு வீடாகப் போய்ச் சுகர் மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர் நான். 2021-ல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்ததிலிருந்து மாத்திரை வாசலுக்கே போய்விடுகிறது, ஆனால் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் யாரும் காதில் வாங்குவதில்லை. பலருக்குப் படிக்கத் தெரியாது. அழுகிய கால் படம் போட்ட நோட்டீஸைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அந்த நோட்டீஸை முதலில் பைக்குள் வையுங்கள் சகோதரி. பயந்துபோனவர் காலைக் காட்ட மாட்டார், சேலைக்குள் இழுத்து மறைத்துக்கொள்வார்.

படம் வரையத் தெரிந்த பள்ளிப் பிள்ளை யாராவது இருந்தால் போதும். கணுக்காலோடு நிற்கும் பாதத்தை மட்டும் வரைய வேண்டாம், பார்ப்பவருக்கு அது வெட்டியெடுத்த கால் மாதிரித்தான் தெரியும். திண்ணையில் உட்கார்ந்த ஒரு அம்மா, ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்க்கிறார்; விரலில் மெட்டி, குதிகாலில் பித்தவெடிப்பு, பக்கத்தில் தேய்ந்த ரப்பர் செருப்பு. இது நம்ம கால்தான் என்று அவர்களுக்கே தோன்ற வேண்டும். 'கூடாது' என்பதற்குப் பெருக்கல் குறி போடுவதும் எல்லோருக்கும் புரியாது, பள்ளிக்கூடம் போகாதவருக்கு அது வெறும் இரண்டு கோடு. பிளேடால் கால் ஆணியைச் சீவுவது ஒரு படம், அடுத்ததில் அதே காலில் கட்டு, என்று நடந்ததைக் காட்டுங்கள்.

விஷயங்களும் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. ஆடி மாதத் தீமிதி, பைக் சைலன்சர், மதிய வெயிலில் கோயில் கல்தரை, தூங்கும்போது எலி கடிப்பது. சுகரால் நரம்பு மரத்துப்போன காலுக்கு இவை எதுவுமே உறைக்காது, செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாது, அதனால் போட வேண்டிய செருப்பு என்று பின்பட்டை வைத்ததை வரையுங்கள். புண்ணில் காபித்தூள் அப்பும் தவறான பழக்கத்தையும் ஒரு படமாகப் போடுங்கள்.

ஒரு அட்டைக்கு ஒரே செய்தி. காட்டியதும் விளக்கிவிடாமல், "இதில் என்ன நடக்குது சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். அவர் வேறு எதையாவது சொன்னால் மாற்ற வேண்டியது படத்தைத்தான். அப்புறம், அவர் காலை அவரையே பார்க்கச் சொல்லுங்கள். விரல் இடுக்கையும் விரித்துப் பார்க்கட்டும், கழுவினால் அங்கே ஈரம் இல்லாமல் துடைக்கட்டும்.

கடைசி அட்டை ஆஸ்பத்திரிக்கு. சிவப்பு, வீக்கம், சீழ், நாற்றம், கருத்த விரல், எதைப் பார்த்தாலும் அன்றே போக வேண்டும், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. புண் இல்லாதவர்களையும் வருடத்துக்கு ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள், 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தில் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேட்கட்டும்.