பழைய லேசர் பிரிண்டரில் எந்தப் பாகம் எதற்குச் சேரும்? கேள்வி பதில்

மதுரையில் லேசர் பிரிண்டர் சர்வீஸ் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். ஜெராக்ஸ் கடைக்காரர், டைப்பிங் சென்டர் வைத்திருப்பவர், பள்ளி அலுவலகத்தார் என்று யார் வந்தாலும் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஓடாத மெஷின் ஒன்று கிடக்கிறது, அதில் உள்ளதைக் கழற்றி இதில் போடலாமா?" போடலாம், ஆனால் மேலே ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் எஞ்சின், அதாவது தாளை இழுத்து அச்சடிக்கும் பகுதி, ஒன்றா என்று பாருங்கள். எச்பி லேசர்ஜெட் பலவற்றுக்குள் இருப்பது கேனன் செய்த எஞ்சின். அதனால் பெயர் வேறான இரண்டு மெஷின்கள் உள்ளே ஒன்றாக இருக்கும். அடுத்தடுத்த எண் உள்ள இரண்டு மெஷின்கள் சேராமலும் போகும்.

ஒத்தக்கடை, டைப்பிங் சென்டர்: அண்ணே, ஐகோர்ட் கிளை பக்கத்தில் கடை. எச்பி 1020 ஓடுகிறது. கேனன் எல்பிபி 2900 ஒன்று லாஜிக் கார்டு (கம்ப்யூட்டரோடு பேசும் மூளைப் பலகை) போய்க் கிடக்கிறது. அதிலிருந்து என்னென்ன எடுக்கலாம்?

நிறைய எடுக்கலாம் தம்பி. இரண்டும் ஒரே குடும்பம். கேனனின் 303 கார்ட்ரிட்ஜும் எச்பியின் 12ஏ கார்ட்ரிட்ஜும் ஒன்றுக்கொன்று மாறும். இரண்டிலும் சிப் கிடையாது, அதனால் மெஷின் ஏற்க மறுக்காது. தாளை இழுக்கும் பிக்கப் ரோலர், பியூசரில் (மைப் பவுடரைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் பகுதி) இருக்கும் டெஃப்லான் உறை, பிரஷர் ரோலர் மூன்றையும் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். லாஜிக் கார்டு மட்டும் எந்த நிலையிலும் மாறாது. கேனன் கேப்ட் என்ற தன் டிரைவரோடுதான் பேசும், எச்பியின் பேச்சு வேறு.

உங்கள் கடையில் லெட்ஜர் பேப்பர் நிறைய ஓடும். அந்தக் கனமான தாள் பிக்கப் ரோலரைச் சீக்கிரம் வழுக்கையாக்கிவிடும். தாள் இழுக்கவில்லை என்றால் உடனே ரோலரை மாற்றாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு ஓட்டிப் பாருங்கள். பாதி நேரம் தெருப் புழுதிதான் காரணம். அப்புறமும் இழுக்காவிட்டால் கேனன் ரோலரைப் போடுங்கள்.

மேலூர்: எங்களிடம் இருப்பது எச்பி எம்1005. இதற்கும் அந்தக் கேனன் 2900-இன் கார்ட்ரிட்ஜும் ரோலரும் பொருந்துமா?

பொருந்தும். அதுவும் 12ஏ கார்ட்ரிட்ஜ் மெஷின்தான், பிக்கப் ரோலரும் அதே. மேலே இருக்கும் ஸ்கேனர் பகுதி மட்டும் தனி.

திருநகர், கல்லூரி மாணவர்: அப்பாவின் 1020-இல் பெரிய படம் அடித்தால் மெதுவாக வருகிறது. ராம் கூட்டலாமா அண்ணா?

முடியாது தம்பி, அதில் ராம் போட இடமே இல்லை. உள்ளே இருப்பது 2 எம்பிதான். பக்கத்தைத் தயார் செய்கிற வேலை முழுவதையும் கம்ப்யூட்டர்தான் செய்கிறது. மெஷினுக்குள் முழு ஃபர்ம்வேர்கூட (மெஷினை இயக்கும் உள் மென்பொருள்) நிரந்தரமாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டிரைவர் அதை யுஎஸ்பி வழியாக உள்ளே ஏற்றுகிறது. லினக்ஸ் போட்டவர்களுக்கு 1020 முதலில் அசையாமல் நிற்பதற்கும், சாதாரண யுஎஸ்பி பிரிண்ட் சர்வரில் மாட்டினால் வேலை செய்யாமல் போவதற்கும் இதுதான் காரணம். ராமுக்கு வைத்த பணத்தைக் கம்ப்யூட்டருக்குச் செலவழியுங்கள்.

ராம் கூட்டுகிற ஆசை இருந்தால் எச்பி 1200 போன்ற மெஷின் வேண்டும். அது 8 எம்பியோடு வரும், 72 எம்பி வரை ஏற்றலாம்.

உசிலம்பட்டி, டிடிபி கடை: வெளிநாட்டிலிருந்து வந்த லாட்டில் ஒரு லேசர்ஜெட் 4250 வாங்கினேன். என் பழைய 4250-இல் "50 பியூசர் எரர்" வருகிறது. புதிதாக வந்ததன் பியூசரைக் கழற்றிப் போட்டுக்கொள்ளலாம்தானே?

அண்ணே, கையை நிறுத்துங்கள். இந்த ஒரு கேள்விக்கு நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது.

4240, 4250, 4350 மூன்றுக்கும் பியூசர் ஒரே வடிவம், அப்படியே உள்ளே போய் உட்காரும். ஆபத்தே அதில்தான். அமெரிக்கச் சந்தைக்குச் செய்தது 110 வோல்ட் பியூசர், எண் ஆர்எம்1-1082. நமக்கு வேண்டியது 220 வோல்ட் பியூசர், எண் ஆர்எம்1-1083. கடைசி எண் ஒன்றுதான் வித்தியாசம். 110 வோல்ட் ஹீட்டருக்கு நம் ஊர் 230 வோல்ட்டைக் கொடுத்தால் மின்சக்தி இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்குக்கு மேல் போகும். ஹீட்டர் சில நொடியில் போய்விடும். சில நேரம் பவர் சப்ளையையும் கூட்டிக்கொண்டு போகும்.

நானே ஒரு முறை பட்டிருக்கிறேன். பழைய பாகம் விற்கும் ஒரு கடையில் "220தான்" என்று சொன்னதை நம்பி, லேபிளைப் பார்க்காமல் ஒரு பள்ளியின் மெஷினில் மாட்டினேன். ஆன் செய்ததும் கருகிய வாடை. அரையாண்டுத் தேர்வு வினாத்தாள் பாதியில் நின்றது. அன்றைக்கு அந்த ஆசிரியர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதிலிருந்து லேபிள் படிக்காமல் எந்தப் பியூசரையும் தொடுவதில்லை.

லேபிள் கிழிந்திருந்தால் மல்டிமீட்டர் எடுங்கள். ஒரே மாடலில் 220 வோல்ட் ஹீட்டரின் ஓம் அளவு 110 வோல்ட் ஹீட்டரைப் போல் ஏறக்குறைய நாலு மடங்கு இருக்கும். ஹீட்டர் அறுந்து போகாத, உள்ளூரில் வாங்கிய ஒரு பியூசரோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

லாட்டில் வந்த மெஷினும் 110 வோல்ட்டாக இருந்தால் அதன் பவர் சப்ளையும் அப்படித்தான். முதலில் பின்பக்கம் உள்ள தகட்டைப் படியுங்கள். 110 என்று இருந்தால் பியூசர், பவர் சப்ளை இரண்டையும் விட்டுவிடுங்கள். ட்ரே, டூப்ளெக்ஸர் (இரண்டு பக்கமும் அச்சடிக்க உதவும் பாகம்), ராம், நெட்வொர்க் கார்டு எல்லாம் தாராளமாக எடுக்கலாம், அவற்றுக்கு ஊர் கரண்டோடு சம்பந்தமில்லை.

இன்னொன்று: 4250-க்கு கம்பெனி சொல்லும் மெயின்டனன்ஸ் கணக்கு 2,25,000 பக்கம். மெஷினின் விவரம் காட்டும் கான்ஃபிகரேஷன் பக்கம் அடித்து எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பாருங்கள். அதைத் தாண்டியிருந்தால் பழைய பியூசரைத் தேடாமல் புதிதே வாங்குங்கள்.

அதே கடை: 4200-இன் பியூசரைப் போடலாமா?

கூடாது, அது வேறு. ஆனால் 4200, 4300, 4250, 4350 நான்குக்கும் டூப்ளெக்ஸரும் 500 தாள் ட்ரேயும் பொதுவாக மாறும்.

திருமங்கலம், அச்சகம்: லேசர்ஜெட் 4050 வைத்திருக்கிறோம். 4000 ஒன்று ஸ்க்ராப்பில் கிடைத்தது. 4250-இன் ராமும் ஒன்று கையில் இருக்கிறது. தமிழில் முழுப் பக்கம் அடித்தால் "20 இன்சஃபிஷியன்ட் மெமரி" என்று நிற்கிறது.

4000-இன் டூப்ளெக்ஸர் 4050-க்குச் சேரும், தயங்காமல் போடுங்கள். மாட்டியபின் கம்ப்யூட்டரில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், அதில் டிவைஸ் செட்டிங்ஸ் போய், டூப்ளெக்ஸ் யூனிட் "இன்ஸ்டால்ட்" என்று மாற்ற வேண்டும். இதை விட்டுவிட்டு "பாகம் வேலை செய்யவில்லை" என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் மாதம் இருவராவது இருக்கிறார்கள். கார்ட்ரிட்ஜும் இரண்டுக்கும் ஒன்றே: 27ஏ என்றால் 6,000 பக்கம், 27எக்ஸ் என்றால் 10,000 பக்கம்.

4250 ராமை மட்டும் முயலாதீர்கள். இரண்டும் 100 பின் உள்ளவை, அளவும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். 4050-க்கு எஸ்டிராம், 4250-க்கு டிடிஆர். அழுத்தி நுழைத்தால் ஸ்லாட்தான் உடையும். 4050-க்கு என்று கேட்டு வாங்குங்கள். அதுவரை தெளிவை 1200-இலிருந்து 600 டிபிஐ ஆக இறக்கி அடியுங்கள். பெரும்பாலும் நின்ற பக்கம் வந்துவிடும்.

வாடிப்பட்டி, பள்ளி அலுவலகம்: ஐயா, எங்கள் 4050-இல் பாரலல் போர்ட்தான். புதுக் கம்ப்யூட்டரில் அது இல்லை. மெஷினை ஓரங்கட்ட வேண்டியதுதானா?

வேண்டாம்மா, அருமையான மெஷின் அது. பின்னால் இஐஓ ஸ்லாட் (கூடுதல் கார்டு சொருகும் இடம்) இருக்கும். ஜெட்டைரக்ட் 610என் என்ற நெட்வொர்க் கார்டை அதில் சொருகினால் ஆபீஸ் முழுவதும் அதில் பிரிண்ட் எடுக்கலாம். என்னைக் கேட்டால் பழைய மெஷினுக்குச் செய்யக்கூடிய மேம்பாடுகளில் இதுதான் முதலிடம்.

வாங்கும்போது இரண்டு விஷயம். லேசர்ஜெட் 4, 5 காலத்துக் கார்டு எம்ஐஓ என்ற பழைய வகை, இந்த ஸ்லாட்டில் போகாது. அடுத்து, 620என், 635என் போன்ற பிந்தைய கார்டுகள் 3.3 வோல்ட் ஸ்லாட்டுக்காகச் செய்தவை. 4050 காலத்து மெஷினுக்கு அவற்றை வாங்காதீர்கள். 610என் போதும்.

மாட்டியபின் கான்ஃபிகரேஷன் பக்கம் அடியுங்கள். ஐபி முகவரி 192.0.0.192 என்று வந்தால் கார்டு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று அர்த்தம். கேபிளைப் பாருங்கள், அல்லது பேனலிலேயே முகவரியைக் கையால் கொடுங்கள். கம்ப்யூட்டரில் சேர்க்கும்போது போர்ட் 9100.

சிலைமான்: எச்பி 1160-இல் 1320-இன் டூப்ளெக்ஸ் வசதியைக் கொண்டுவர முடியுமா?

வெளியே இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தாலும் வேண்டாம். டூப்ளெக்ஸுக்கான பல்சக்கரம், தாள் திரும்பும் வழி எல்லாம் 1160-இல் கிடையாது. அத்தனையும் மாற்றும் கூலிக்கு ஒரு பழைய 1320 வாங்கிவிடலாம். 49ஏ கார்ட்ரிட்ஜ் இரண்டுக்கும் பொது. பெரிய 49எக்ஸ் 1320-க்கு மட்டும்.

பைபாஸ் ரோடு: பி2015 ஆன் ஆவதில்லை. லாஜிக் கார்டை ஓவனில் வைத்துச் சூடாக்கினால் சரியாகும் என்கிறார்கள்.

அந்த மாடலின் லாஜிக் கார்டில் ஈயப் பற்று விட்டுப்போவது பலரும் கண்ட பிரச்சினை. சூடாக்கினால் சில மாதம் ஓடும், அப்புறம் மறுபடி நிற்கும். சாப்பாடு செய்கிற ஓவனில் தயவுசெய்து வைக்காதீர்கள், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. ஓடுகிற இன்னொரு பி2015-இன் கார்டைப் போடுவதுதான் நிலையான வழி. பி2015டிஎன் கார்டு கிடைத்தால் நெட்வொர்க் வசதியும் சேர்ந்து வந்துவிடும்.

செல்லூர், ரீஃபில் செய்பவர்: 12ஏ பவுடரை 88ஏ-இல் போடலாமா?

போடாதீர்கள். பவுடர் உருகுகிற சூடு மாடலுக்கு மாடல் மாறும். தப்பான பவுடர் தாளில் சரியாக ஒட்டாது, அல்லது டெஃப்லானில் ஒட்டிக்கொண்டு அடுத்த பக்கத்தில் நிழலாக விழும். பழைய பவுடர் இருக்கும்போது மேலே வேறு பவுடரையும் கொட்டாதீர்கள். முழுவதும் வெளியேற்றி, வேஸ்ட் பகுதியையும் காலி செய்துவிட்டு நிரப்புங்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஃபேனை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். சட்டையில் பட்டால் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை அப்படியே நின்றுவிடும்.