குழந்தைக்கு முதல் வாத்தியம் பியானோவா? சென்னைப் பெற்றோரின் கேள்விகள், பியானோ டீச்சரின் பதில்கள்

மகளுக்கு ஐந்தரை வயது. மாமியார் "முதலில் பாட்டு கிளாஸ்" என்கிறார், கணவர் வயலின் என்கிறார். எனக்குப் பியானோ மேல் ஆசை. எதை வைத்து முடிவு செய்வது? (வேளச்சேரி)

வீட்டில் மூன்று கட்சி இருந்தால் நான் நடுவில் வர மாட்டேன். வித்தியாசத்தை மட்டும் சொல்கிறேன். வயலினில் ஸ்வரம் எங்கே இருக்கிறது என்று விரலும் காதும் சேர்ந்து தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து வயதில் அதற்குப் பல மாதங்கள் ஆகும், அந்த மாதங்களை வீட்டில் இருப்பவர்களும் கேட்டுத்தான் ஆக வேண்டும். பியானோவில் ஸ்வரம் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது. முதல் நாளே தொட்டால் சுத்தமாக ஒலிக்கும். அதோடு இசை கண்ணுக்கும் தெரியும். வலப்பக்கம் போனால் சுருதி ஏறும், இடப்பக்கம் போனால் இறங்கும். இரண்டு வரி நொட்டேஷனை ஒரே நேரத்தில் படிக்கப் பழகுவதால் பின்னால் எந்த வாத்தியத்துக்குப் போனாலும் அந்தப் படிப்பு கூடவே வரும்.

ஸ்வரம் சும்மா கிடைக்கிறது என்பதால் வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம், எப்போது விடுவது என்பதெல்லாம் குழந்தையின் பொறுப்பு. அதனால் கருவி வாங்கும்போது கட்டையின் (கீயின்) கனத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். மாமியாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். வாசிப்பதை எல்லாம் பாடிக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள். பாடத் தெரிந்த பிள்ளை பியானோவிலும் சீக்கிரம் முன்னே வரும்.

கடையில் 61 கீ கீபோர்டு காட்டினார்கள். 400 டோன், 150 ரிதம், தபலா கூட இருக்கிறது என்றார்கள். பக்கத்தில் இருந்த 88 கீ டிஜிட்டல் பியானோவில் பத்து டோன்தான், விலை மட்டும் மூன்று நான்கு மடங்கு. ஏன் சார் அப்படி? (தாம்பரம்)

சார் இல்லை, டீச்சர். பரவாயில்லை.

அந்தக் கூடுதல் பணம் கட்டைக்கு அடியில் இருக்கிறது. கொஞ்சம் பழைய கதை சொன்னால்தான் புரியும். பியானோவுக்கு முன்னால் ஐரோப்பிய வீடுகளில் இருந்தது ஹார்ப்சிகார்டு. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு அலகு தந்தியை மீட்டும். நீங்கள் ஓங்கி அடித்தாலும் மெதுவாகத் தொட்டாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். 1700 வாக்கில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி என்ற கருவி செய்பவர் மீட்டுவதற்குப் பதிலாகச் சுத்தியலால் தந்தியைத் தட்டும் பொறியைச் செய்தார். விரலின் வேகம் சுத்தியலுக்குப் போனது, சத்தம் விரலின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. அவர் செய்த பியானோக்களில் மூன்று இன்னும் இருக்கின்றன. மூத்தது 1720இல் செய்தது, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது.

'வெயிட்டட் கீ' என்று கடையில் சொல்வது அந்தச் சுத்தியலின் கனத்தைப் போலச் செய்து வைத்த கட்டை. சாதாரண கீபோர்டில் கட்டைக்கு அடியில் ஸ்ப்ரிங், அவ்வளவுதான். அதில் இரண்டு வருடம் வாசித்த பிள்ளையை நிஜப் பியானோ முன் உட்கார வைத்தால், கட்டை கீழே போகவே மாட்டேன் என்கிறது என்று திணறும்.

கையில் பணம் இருந்தால் 88 வெயிட்டட் கீயே வாங்குங்கள். யமஹா, காசியோ, ரோலண்ட் மூன்றிலும் தொடக்கநிலை மாடல் உண்டு. பணம் இல்லையென்றால் 61 கீ போதும், முதல் கிரேடு பரீட்சை வரைக்குமான பாடங்கள் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் 'டச் ரெஸ்பான்ஸ்' கண்டிப்பாக வேண்டும். கடையிலேயே ஒரு கட்டையை மெதுவாக ஒரு தடவை, ஓங்கி ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். இரண்டு சத்தமும் ஒன்று என்றால் வெளியே வந்துவிடுங்கள். 400 டோனில் முதல் வாரம் நாய் குரைக்கும் டோன் ஓடும், அப்புறம் யாரும் தொட மாட்டார்கள்.

பேத்திக்குக் கர்நாடக சங்கீதமும் பியானோவில் சொல்லித்தர முடியுமா அம்மா? (நங்கநல்லூர்)

ஓரளவுக்கு முடியும் ஐயா. சரளி வரிசை, ஜண்டை வரிசை எல்லாம் மாயாமாளவகௌளை ராகத்தில்தானே? சட்ஜமத்தை வெள்ளைக் கட்டை ஸி என்று வைத்தால் ரிஷபமும் தைவதமும் கருப்புக் கட்டையில் வரும், மற்றவை வெள்ளையில். பிள்ளைகள் ரசித்து வாசிப்பார்கள். பாட்டு கிளாஸில் ஐந்து கட்டை சுருதி என்றால் இங்கே ஜி, ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். டிஜிட்டல் பியானோவில் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டால் விரல் மாறாமலே சுருதி மாறும்.

சிக்கல் கமகத்தில், அதாவது ஸ்வரத்தை அசைப்பதில், வருகிறது. தோடி ராகத்தின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்கிற ஸ்வரமா? அது அசைகிற ஸ்வரம். பியானோவில் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே போவதற்கு வழியே கிடையாது. மேடையில் கீபோர்டில் கர்நாடக இசை வாசிப்பவர்கள் இடது பக்கத்துப் பிட்ச் பெண்ட் சக்கரத்தை வைத்து அந்த அசைவைக் கொண்டு வருகிறார்கள். அது தனி வித்தை, ஆறு வயதுக்கு ஆகாது. பேத்திக்கு ராகம்தான் உயிர் என்றால் அவளைப் பாட்டுக்கோ வீணைக்கோ அனுப்புங்கள். நான் பியானோ டீச்சர் என்பதற்காக மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மூன்றரை வயது. இப்போதே சேர்த்தால் நல்லதா? (போரூர்)

வேண்டாம். பாட்டு கேட்கட்டும், கை தட்டட்டும், ஆடட்டும். வலது கை எது, இடது கை எது என்று தெரிந்து, விரல்களைத் தனித்தனியாக அசைக்க வந்து, பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்காரும்போது கூட்டி வாருங்கள். சிலருக்கு அது ஐந்தில் வரும், சிலருக்கு ஏழில்.

லிடியன் நாதஸ்வரம் மாதிரி வர எத்தனை மணி நேரம் பயிற்சி செய்ய வேண்டும்? (அண்ணா நகர்)

சென்னைப் பியானோ கலைஞர் லிடியன் 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் ஜெயித்தபோது வயது 13, அதனால் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு கணக்கு மனதில் ஓடுகிறது. என்னிடம் அதற்கு விடை இல்லை. உங்கள் பிள்ளைக்கு ஆறு வயது என்றால் தினமும் பதினைந்து நிமிடம்.

அந்தப் பதினைந்து நிமிடமே வீட்டில் போர்க்களம், மேடம். (குரோம்பேட்டை)

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் என்று சேர்த்து வைக்கிறீர்களா? அதை நிறுத்துங்கள். தினமும் ஒரே நேரம், ஸ்கூல் விட்டு வந்து டிபன் சாப்பிட்டதும். கருவி ஹாலில் இருக்கட்டும், மூடி போட்டுப் பெட்டிக்குள் வைத்தால் தினமும் எடுக்கிற சோம்பலே பயிற்சியைக் கெடுத்துவிடும். 'முழுசா வாசி' என்று சொல்லாமல், தடுக்குகிற நான்கு பாரை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். அடுப்படியிலிருந்து "தப்பு, தப்பு" என்று குரல் கொடுப்பதை அறவே விடுங்கள். தப்பு என்று அதற்கே தெரியும்.

இன்னொன்று, ஸ்டூல். முழங்கை கட்டையின் உயரத்துக்கு வர வேண்டும், கால் தொங்கக் கூடாது, கீழே ஒரு பலகை போடுங்கள். உட்காரும் இடம் சரியில்லாமல் தோள் வலித்து எழுந்து ஓடுகிற பிள்ளையை நாம் சோம்பேறி என்கிறோம்.

பெசன்ட் நகரில் பெரியம்மா வீட்டில் பழைய அப்ரைட் பியானோ இருக்கிறது. சும்மா தருகிறார். எடுத்துக்கொள்ளலாமா? (மயிலாப்பூர்)

சும்மா கிடைக்கிற பியானோதான் பல நேரம் அதிகச் செலவு வைக்கும். எடுப்பதற்கு முன் சுருதி சேர்க்கும் ட்யூனர் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், அவருக்குக் கொடுக்கிற பணம் வீணாகாது. அவர் பார்க்க வேண்டியவை: தந்திகளில் துரு எவ்வளவு, தந்தி சுற்றப்பட்டிருக்கும் பின்கள் மரத்தில் இறுக்கமாக நிற்கின்றனவா, ஒலியைப் பெருக்கும் மரப்பலகையான சவுண்ட்போர்டில் விரிசல் உண்டா, கரையான் போயிருக்கிறதா, சுத்தியலின் கம்பளியை எலி கடித்திருக்கிறதா. பின் தளர்ந்திருந்தால் இன்று ட்யூன் செய்தாலும் அடுத்த மாதம் இறங்கிவிடும். பல வருடம் தொடாமல் அரை ஸ்வரம் இறங்கிய பியானோவை ஒரே மூச்சில் ஏற்றினால் தந்தி அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு.

கடலோரம் என்பதால் இதைச் சொல்கிறேன். ஈரக் காற்றில் மரம் உப்பி, அழுத்திய கட்டை மேலே வராது. இரவில் ஏசி, பகலில் ஜன்னல் திறப்பு என்று மாறி மாறி இருந்தால் சுருதி நிற்காது. வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் உள்சுவர்ப் பக்கம் வையுங்கள், வருடம் இரண்டு முறை ட்யூனிங். எடை 200 கிலோவைத் தாண்டும், மூன்றாவது மாடி என்றால் தூக்குகிறவர்களிடம் முதலில் பேசிக்கொள்ளுங்கள். இத்தனையும் சரியாக வந்தால் யோசிக்காமல் எடுங்கள். அந்தச் சத்தத்தை எந்த டிஜிட்டலும் தராது.

கட்டைகளில் ஸி டி ஈ ஸ்டிக்கர் ஒட்டலாமா?

ஒட்டாதீர்கள். கருப்புக் கட்டைகள் இரண்டிரண்டாகவும் மூன்று மூன்றாகவும் நிற்கின்றன. இரண்டுக்கு இடப்பக்கத்து வெள்ளை ஸி, மூன்றுக்கு இடப்பக்கத்து வெள்ளை எஃப். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

மகன் இடது கைக்காரன். கஷ்டப்படுவானா?

மாட்டான். இரண்டு கைக்கும் வேலை இருக்கிற வாத்தியம்.

டிரினிடி நல்லதா, ஏபிஆர்எஸ்எம் நல்லதா? எப்போது கிரேடு எழுதலாம்? (மடிப்பாக்கம்)

இரண்டுமே லண்டன் பரீட்சைகள், இரண்டிலும் எட்டு கிரேடு, இரண்டுக்கும் மதிப்பு உண்டு. உங்கள் டீச்சருக்கு எது பழக்கமோ அது. ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாவது கிரேடுக்குப் போக, தியரியில் ஐந்தாவது கிரேடோ அதற்குச் சமமானதோ முடித்திருக்க வேண்டும், டிரினிடியில் அந்தக் கட்டாயம் இல்லை. டிரினிடியில் பியானோவுக்கும் எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். சேரும்போதே எதற்குத் தயார் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு வருடம் பியானோ என்று நினைத்துக் கடைசியில் சான்றிதழில் கீபோர்டு என்று பார்த்த பெற்றோரை எனக்குத் தெரியும்.

என் கோபம் வேறு. வருடம் முழுக்க அந்தப் பரீட்சைப் பாடல்கள் மூன்றை மட்டும் வாசிக்க வைப்பது. ஐந்தாவது கிரேடு சான்றிதழ் சுவரில் தொங்கும், பிறந்தநாள் பாட்டை வாசி என்றால் பிள்ளை நோட்ஸ் எங்கே என்று கேட்கும். ஒரு கிரேடுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறு மாதம் விடுங்கள். சினிமாப் பாட்டைக் காதால் கேட்டு எடுக்கட்டும், தம்பிக்கு வாசித்துக் காட்டட்டும்.

ஒரு வருடம் பியானோ ஆச்சு. இப்போது மிருதங்கம்தான் வேண்டும் என்று அடம். விட்டுவிடலாமா? (அம்பத்தூர்)

கோயிலில் கச்சேரி பார்த்துவிட்டு வந்தானா? இரண்டு மாதம் பொறுங்கள். அதற்குப் பிறகும் சாப்பாட்டு மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் கூட்டிப்போய்ச் சேர்த்துவிடுங்கள், பியானோ டீச்சரிடம் நானே சொன்னதாகச் சொல்லுங்கள். கீபோர்டை மட்டும் உடனே விற்காதீர்கள், பாதி விலைக்குக் கூடப் போகாது.