டேலண்ட் டெஸ்டுக்கு யாருமே போகல, என் மகளை மட்டும் அனுப்பணுமா?

பெஸ்தாரி ஜெயால இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. மகளுக்கு 8 வயசு, தமிழ்ப்பள்ளில ரெண்டாம் ஆண்டு. சனி ஞாயிறு ஷா ஆலாம் பக்கம் ஒரு கிளப்புல ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ் போறா. கோச் டேலண்ட் டெஸ்டுக்கு பேர் கொடுக்கச் சொல்லிட்டாங்க. முன்னாடி எல்லாம் கிளப்புல வேன் பிடிச்சு போற அளவுக்கு பிள்ளைங்க இருந்தாங்களாம், இந்த வருஷம் மொத்தமே ரெண்டு பேர்தான். டெஸ்டுக்குன்னு ஒரு மாசம் தனி கிளாஸ், அதுக்கு தனியா 200 வெள்ளி. வீட்டுக்காரர் செம்பனை ஆலைல ஷிப்ட் வேலை, டோல் பெட்ரோல் வேற. "எல்லாரும் வேணாம்னு விட்டத நாம மட்டும் ஏன் செய்யணும், போகலன்னா பிள்ளையோட சான்ஸ் போயிடுமா?"ன்னு கேக்கறாங்க.

சகோதரி, டெஸ்டுக்கு அனுப்புங்க, தனி கிளாஸுக்கு காசு கட்டாதீங்க. சான்ஸ் எல்லாம் போயிடாது. ஏன் அப்படி சொல்றேன்னா கொஞ்சம் விளக்கமா சொல்லணும்.

முதல்ல இந்த டெஸ்ட்ல என்ன பார்க்கறாங்கன்னு தெரிஞ்சுக்குங்க, ஏன்னா பாதி பெற்றோருங்க இத ஏதோ போட்டின்னு நெனச்சுக்கிட்டு வர்றாங்க. பல்டி அடிக்கறது, பீம்ல ஆடறது எல்லாம் இதுல பெருசா வராது. உடம்போட பலமும் வளையற தன்மையும்தான் பார்ப்பாங்க. ஹேண்ட்ஸ்டாண்ட், அதாவது தலைகீழா கைல நிக்கறது, எவ்வளவு நேரம் ஆடாம நிக்கறா, உட்கார்ந்த நிலைல இருந்து குதிக்காம மெதுவா ஹேண்ட்ஸ்டாண்டுக்கு ஏறறது (பிரஸ்), கம்பில தொங்கிக்கிட்டு காலை நீட்டி தலை வரைக்கும் தூக்கறது (லெக் லிஃப்ட்), காலை உபயோகிக்காம கயிறு ஏறறது, கால விரிச்சு தரையில உட்கார்ற ஸ்ப்ளிட், முதுக பின்னால வளைச்சு கையும் காலும் ஊனற பிரிட்ஜ், இந்த மாதிரி. நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும், ஆனா அடிப்படை இதுதான், உலக ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் வயசு வாரியா போட்ட பயிற்சித் திட்டத்துலயும் இந்த மாதிரி உடல் திறன் டெஸ்ட் இருக்கு.

உங்க மகள் நாலாம் ஆண்டு போனா ஸ்கூல்லயே செகாக்னு உடல் தகுதி டெஸ்ட் எடுப்பாங்க, தெக்கான் துபி (புஷ் அப்), பெஞ்ச் ஏறி இறங்கறது, உட்கார்ந்து கைய நீட்டறதுன்னு. அதுக்கு யாராவது தனி கிளாஸ் வெச்சு 200 வெள்ளி வாங்கறாங்களா? இல்லையில்ல. ஆனா ஜிம்னாஸ்டிக்ஸ் டெஸ்டுன்னா மட்டும் எல்லாருக்கும் பதட்டம், ஏன்னா "செலக்‌ஷன்"னு ஒரு பேச்சு அதோட ஒட்டிக்கிச்சு.

என் கருத்துப்படி கூட்டம் குறைஞ்சதுக்கு முக்கிய காரணமே அதுதான். அளந்து பார்க்கறதுக்கு வெச்ச டெஸ்ட், ஆள வடிகட்டற டெஸ்டா மாறிப்போச்சு. ஒரு தடவ போய் பேர் வரலன்னா பிள்ள அழுவும், அம்மா "இனிமே வேணாம்"னு சொல்லிடுவாங்க, அடுத்த வருஷம் அந்த அம்மா சொல்றத கேட்டு இன்னும் நாலு பேர் நின்னுடுவாங்க.

இது நம்ம ஊர்ல மட்டும் இல்ல. அமெரிக்கால டாப்ஸ்னு ஒரு திட்டம் ரொம்ப வருஷமா இருக்கு, சின்ன பொம்பள பிள்ளைங்களுக்கு முதல்ல வட்டார அளவுல டெஸ்ட், நல்ல ஸ்கோர் வந்தா தேசிய டெஸ்ட், அதுலயும் மேல வந்தா தேசிய கேம்ப். அங்கயும் பல கோச்சுங்களுக்கு இதுல ஒரு கணக்கு இருக்கு. வாரத்துல இருக்கற கொஞ்ச மணி நேரத்துல கயிறும் பிரஸ்ஸுமே போட்டுக்கிட்டு இருந்தா ஸ்கில் எப்போ கத்துக்கறது? அதோட அங்க பெரும்பாலான பிள்ளைங்களோட குறிக்கோள் ஒலிம்பிக் இல்ல, காலேஜ் ஸ்காலர்ஷிப், அதுக்கு இந்த டெஸ்ட் தேவையே இல்ல. இன்னொரு காரணம் கசப்பானது. அந்த கேம்ப் நடந்த டெக்சஸ் பண்ணைல பெற்றோருக்கு அனுமதி இருந்ததில்ல. 2016ல டீம் டாக்டர் லாரி நாசர் பிள்ளைங்கள பாலியல் ரீதியா துன்புறுத்தினது வெளில வந்துச்சு, அந்தப் பண்ணையும் அதுல ஒரு இடம், 2018 ஜனவரில அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் அந்த இடத்தோட தொடர்பையே வெட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் "என் பிள்ளைய நான் பார்க்க முடியாத இடத்துக்கு அனுப்பமாட்டேன்"னு ஒரு அம்மா சொன்னா அதுல என்ன தப்பு? நீங்களும் கோச்கிட்ட முதல் கேள்வியா இதத்தான் கேக்கணும், டெஸ்ட் நடக்கற ஹால்ல நாங்க உட்கார்ந்து பார்க்கலாமா? முடியாதுன்னா பேரே கொடுக்காதீங்க. கோச் கோவிச்சுக்குவாங்கன்னு எல்லாம் யோசிக்க வேணாம் லா.

சரி, இந்த ஸ்கோர் எதிர்காலத்த சொல்லுமான்னு பார்ப்போம். 8 வயசுல சொல்லாது. கிளினிக்ல உயரம் எடை எடுக்கற மாதிரிதான், இன்னைக்கு உள்ள நிலவரம் தெரியும், அவ்வளவுதான். இந்த டெஸ்ட்ல சின்ன உருவமா, ஒல்லியா, குட்டையா இருக்கற பிள்ளைங்களுக்கு சும்மாவே சாதகம், ஏன்னா அவங்க தூக்க வேண்டியது அவங்க உடம்பத்தான். கால் நீளமா இருந்தா அதே லெக் லிஃப்ட் ரெண்டு மடங்கு கஷ்டமா தெரியும், நெம்புகோல் கணக்கு அது. பொம்பள பிள்ளைங்க பொதுவா 11, 12 வயசுல மளமளன்னு வளருவாங்க, அப்போ 8 வயசுல முதல் வந்த பிள்ள திடீர்னு தடுமாறும், கடைசில நின்ன பிள்ள மேல வரும், இத ஜிம்முல எப்பவும் பார்க்கலாம். அதுக்கு மேல, வாரத்துக்கு நாலு நாள் பயிற்சி பண்ற கேஎல் பிள்ளையும் ரெண்டு நாள் பண்ற உங்க பிள்ளையும் ஒரே தாளில மார்க் வாங்கினா அது திறமைய காட்டுதா, பயிற்சி நேரத்த காட்டுதா? பெரும்பாலும் ரெண்டாவதுதான்.

இந்திய ஜிம்னாஸ்ட் தீபா கர்மாக்கர் கதை தெரிஞ்சிருக்கும். திரிபுரால இருந்து வந்தவங்க, பொறப்புலயே தட்டைப் பாதம், ஓடி குதிச்சு இறங்கற விளையாட்டுக்கு அது பெரிய குறை. ஒரு டெஸ்ட் தாள் மட்டும் பேசியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். ஆனா 2016 ரியோ ஒலிம்பிக்ல வால்ட் (ஓடி வந்து மேசைய தாண்டறது) ஃபைனல்ல நாலாவது, வெண்கலத்துக்கு 0.15 புள்ளிதான் குறைச்சல். நம்ம நாட்டு ஜிம்னாஸ்ட் ஃபாரா ஆன் அப்துல் ஹாடி 1994ல பொறந்தவங்க, டோக்கியோ ஒலிம்பிக் போட்டில நிக்கும்போது வயசு 27. பொம்பளைங்களுக்கு சீனியர் போட்டியே, போட்டி நடக்கற வருஷம் 16 வயசு ஆகறவங்களுக்குத்தான் ஆரம்பிக்குது, உங்க மகளுக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கு. ஸ்போர்ட்ஸ் ஸ்கூல் பத்தி யோசிச்சாலும் புக்கிட் ஜாலில் மாதிரி இடம் எல்லாம் இடைநிலைப்பள்ளி, ஃபார்ம் ஒன் வரட்டும் பார்த்துக்கலாம்.

அப்போ எதுக்கு அனுப்பச் சொல்றேன்? அந்த ஸ்கோர் தாளுக்காக. தோள் வளையல, ஸ்ப்ளிட் ஒரு பக்கம் மட்டும் உட்காருது, வயித்துல பலம் இல்ல, இதெல்லாம் வெளியாள் ஒருத்தர் அளந்து சொன்னா கோச்சுக்கும் உதவும், அடுத்த வருஷம் ஒப்பிட்டும் பார்க்கலாம். அதனால ரெண்டாவது கேள்வி, ஒவ்வொரு டெஸ்ட்டோட மார்க்கும் எங்க கைக்கு வருமா? "தேர்வானவங்க பேர் மட்டும் வாட்ஸ்அப்ல வரும்"னு சொன்னா, அந்த டெஸ்டுக்கு டோல் கட்டறது வீண் செலவு.

தனி கிளாஸ் ஏன் வேணாம்னா, காசு ஒரு பக்கம், உடம்பு இன்னொரு பக்கம். ஒரு மாசத்துல ஹேண்ட்ஸ்டாண்ட், பிரஸ்ஸுன்னு திடீர்னு எண்ணிக்கைய ஏத்தினா மணிக்கட்டுல பளு கூடும், அந்த வயசுல எலும்போட வளர்ச்சித் தட்டு இன்னும் மூடல, அங்க வலி ஆரம்பிச்சா மாசக்கணக்குல இழுக்கும். கைய ஊனும்போது மணிக்கட்டு பின்பக்கம் வலிக்குதுன்னு சொன்னா டெஸ்டும் வேணாம் ஒன்னும் வேணாம், முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, தைலம் தேய்ச்சு அனுப்பாதீங்க. வீட்டு முன்னால போர்ச்சுல பாய் போட்டு தினம் பத்து நிமிஷம் போதும், வயிறு சுவர பார்த்த மாதிரி ஹேண்ட்ஸ்டாண்ட், மல்லாக்க படுத்து தோளையும் காலையும் கொஞ்சம் தூக்கி பிடிக்கறது, ரெண்டு பக்கமும் ஸ்ப்ளிட். ஸ்ப்ளிட்ல உட்காரும்போது அண்ணனோ அப்பாவோ தோள அமுக்கி உதவி செய்யக்கூடாது, தொடைல தசை கிழியறது அப்படித்தான்.

உடுப்பு விஷயம் நீங்க கேக்கல, ஆனா பல வீட்ல இதனாலயே பிள்ளைய நிறுத்திடறாங்க, பாட்டி ஒன்னு சொல்லும், பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒன்னு சொல்லும். ஃபாரா ஆன் கூட 2015 சீ விளையாட்டுல (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) பதக்கம் வாங்கின கையோட இந்தப் பேச்சு கேட்டவங்கதான். கணுக்கால் வரைக்கும் மூடற உடுப்பு விதிப்படி சரிதான், டோக்கியோல ஜெர்மன் டீம் அப்படித்தான் போட்டு வந்தாங்க. டெஸ்ட்டுக்கு லெக்கிங்ஸ் போடலாமான்னு கேட்டுக்குங்க, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.

டெஸ்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னால ரெண்டு தோசையோ ரொட்டியோ, ஒரு வாழைப்பழம், ஒரு மைலோ. வெறும் வயித்துல "லேசா இருக்கும்"னு அனுப்பற பழக்கம் சில பேருக்கு இருக்கு, செய்யாதீங்க, எடைய பத்தி பிள்ள காதுபட பேசவும் வேணாம்.

வீட்டுக்காரர் ஷிப்ட் இடிச்சா, கிளப்புல பேர் கொடுத்த அந்த இன்னொரு பிள்ளையோட அம்மாகிட்ட பேசி ஒரே கார்ல போங்க, டோல் பாதியாகும். மைகிட் (பிள்ளையோட அடையாள அட்டை) காப்பி ஒன்னு பையில வெச்சுக்குங்க, கவுண்டர்ல கேட்டா அன்னைக்கு போட்டோஸ்டேட் கடை தேடி அலைய வேண்டியதில்ல.