பல நாட்டுப் பிள்ளைகளின் திறனை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வில் முதலிடம் வரும் நாட்டில்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்ல கல்வி கிடைக்கிறதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. முதலிடம் காட்டுவது சராசரியை மட்டும்தான். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை எவ்வளவு தூரம் வர முடிகிறது என்பது அதே அறிக்கையின் உள்பக்கங்களில் இருக்கும். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவன் என்பதால் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி (OECD) என்ற பொருளாதார அமைப்பு 2000 முதல் நடத்தும் பீசா, 15 வயதுப் பிள்ளைகளின் வாசிப்பு, கணிதம், அறிவியல் திறனை அளக்கிறது. தேர்வோடு ஒரு கேள்வித்தாளும் கொடுப்பார்கள். அப்பா அம்மா என்ன படித்தார்கள், என்ன வேலை பார்க்கிறார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். ஒரு கேள்வி என் மனதை விட்டுப் போகவே இல்லை: உங்கள் வீட்டில் எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன? பாடப்புத்தகமும் பத்திரிகையும் கணக்கில் சேராது. ஒரு மீட்டர் அலமாரியில் சுமார் 40 புத்தகம் அடங்கும் என்று பக்கத்திலேயே குறிப்பும் தந்திருந்தார்கள். அலமாரியே இல்லாத வீட்டுப் பிள்ளை அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, '0 முதல் 10 வரை' என்ற கட்டத்தில் டிக் அடிப்பதை நினைத்துப் பாருங்கள். அதே வகுப்பில் இன்னொரு பிள்ளை '500க்கு மேல்' என்று அடித்திருக்கும். இந்த இரண்டு பேரின் மதிப்பெண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

2022 கணிதத் தேர்வில் ஓஇசிடி நாடுகளின் சராசரி 472. வசதியில் மேல் கால்பங்குப் பிள்ளைகளுக்கும் கீழ்க் கால்பங்குப் பிள்ளைகளுக்கும் இடைவெளி 93 புள்ளி. சிங்கப்பூர் 575 வாங்கி முதலிடம் பிடித்தது. அங்கே இந்த இடைவெளி சராசரியைவிட அதிகம்தான். ஆனாலும் அங்குள்ள கீழ்க் கால்பங்குப் பிள்ளைகளே அந்த 472-ஐத் தாண்டிவிட்டார்கள். அதைச் சாதனை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும் என் மனம் எஸ்டோனியா பக்கம்தான் சாய்கிறது. 510 புள்ளியோடு ஐரோப்பாவிலேயே முன்னால் நின்ற நாடு அது. இடைவெளியும் சராசரியைவிடக் குறைவு. ஒன்பதாம் வகுப்புவரை பிள்ளைகளைத் தரம் பிரித்து வெவ்வேறு பள்ளிகளுக்கு அனுப்புவதில்லை.

எவ்வளவு சீக்கிரம் பிரிக்கிறோம் என்பது பெரிய விஷயம். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே, அதாவது 10 வயது வாக்கில், எந்த வகைப் பள்ளி என்று பிரித்துவிடுவார்கள். 10 வயதில் ஒரு பிள்ளையிடம் தெரிவதில் பாதி, வீட்டில் யார் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள் என்பதுதானே? 2001 டிசம்பரில் முதல் பீசா முடிவு வந்தபோது ஜெர்மனி சராசரிக்குக் கீழே இருந்தது. மதிப்பெண் குடும்ப வசதியோடு மிக இறுக்கமாகப் பிணைந்திருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. நாடே அதிர்ந்துபோனது, அதற்கு 'பீசா அதிர்ச்சி' என்றே பெயர் வைத்தார்கள். அப்புறம் நாடு முழுவதற்கும் பொதுவான கற்றல் தர அளவுகள் வந்தன, முழுநாள் பள்ளிகளுக்கு 400 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. 2012-க்குள் கணிதம் 514-க்கு ஏறியது, இடைவெளியும் குறைந்தது. 2022-இல் மறுபடி 475. ஒருமுறை சரிசெய்தால் அப்படியே நிற்கும் என்று இருந்துவிட முடியாது. கல்விக்காக எல்லோரும் கொண்டாடிய பின்லாந்தே கணிதத்தில் 2006-இல் 548, 2022-இல் 484.

கடைசியாக ஒன்று. யாரெல்லாம் கணக்கில் வந்தார்கள் என்று பார்க்காமல் எந்த நாட்டையும் ஒப்பிடாதீர்கள். 2009-இலும் 2012-இலும் பட்டியலின் உச்சியில் இருந்தது சீனா இல்லை, ஷாங்காய் என்ற ஒரே நகரம். 2022-இல் கம்போடியாவின் 15 வயதுப் பிள்ளைகளில் 36 சதவீதத்தினர் மட்டுமே தேர்வின் வரம்புக்குள் வந்தார்கள். ஏழாம் வகுப்பை எட்டாதவர்களுக்கும் பள்ளியை விட்டு நின்றவர்களுக்கும் இந்தத் தேர்வே கிடையாது. வசதியுள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடைவெளி குறைவு என்று அங்கே ஓர் எண் கிடைத்தால், அந்த எண்ணுக்குள் வராத 64 சதவீதப் பிள்ளைகள் யாருடைய வீட்டுப் பிள்ளைகள் என்று முதலில் கேளுங்கள்.