முதல் வேலை: 58,000 ரூபாயா, 35,000 ரூபாயா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 23. கொக்கட்டிச்சோலைக்கு அருகில் வசிக்கிறேன். கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவை முடித்துவிட்டு ஆறு மாதமாக வேலை தேடிய எனக்கு, இப்போது ஒரே கிழமையில் இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று, கடன் வழங்கும் நிறுவனமொன்றின் மட்டக்களப்புக் கிளையில் கள உத்தியோகத்தர் பதவி. மாதம் 58,000 ரூபாய் என்கிறார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 30,000, பெற்றோலுக்கு 10,000, மீதி 18,000 இலக்கை எட்டினால் கிடைக்கும் ஊக்குவிப்புக் கொடுப்பனவு. மற்றையது, நகரிலுள்ள கணக்காய்வு நிறுவனமொன்றில் இளநிலை உதவியாளர் வேலை. சம்பளம் 35,000 மட்டுமே, வேறு கொடுப்பனவு இல்லை. வேலையைப் பழகினால் நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று நேர்முகத் தேர்வில் சொன்னார்கள். அப்பா வயல் செய்கிறார். பெரும்போகச் செலவுக்காக அம்மாவின் நகை வங்கியில் அடகில் இருக்கிறது. தம்பி உயர்தரம் படிக்கிறான். வீட்டில் எல்லோரும் கூடிய சம்பளத்துக்கே போகச் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: அன்பு மகளுக்கு,

சம்பளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள், அது நல்லதாயிற்று. பலர் மொத்தத் தொகையை மட்டுமே எழுதிக் கேட்கிறார்கள், அதை வைத்துக்கொண்டு பொறுப்பாக எதுவும் சொல்ல முடிவதில்லை. ஆகவே நீங்கள் தந்த கணக்கையே முதலில் முழுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

58,000 ரூபாயில் உறுதியாக உங்களுக்கு உரியது அடிப்படைச் சம்பளமான 30,000 மட்டுமே. உங்கள் டிப்ளோமாவை மதித்து நிறுவனம் நிர்ணயித்த தொகை என்று இதை நினைத்துவிட வேண்டாம். 2025 இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, 2026 ஜனவரி முதல் இலங்கையில் தனியார் துறையில் கொடுக்கவேண்டிய ஆகக்குறைந்த மாதச் சம்பளமே 30,000 ரூபாய்தான். அதிலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்காக 8 வீதம், அதாவது 2,400 ரூபாய் கழிய, மிஞ்சுவது 27,600. பெற்றோலுக்குத் தரும் 10,000 பெற்றோலுக்கே போய்விடும். ஊர் ஊராகச் செல்லும் மோட்டார் சைக்கிளின் டயருக்கும் திருத்த வேலைக்கும் யார் பணம் தருவார்கள் என்பதையும், உங்களிடம் மோட்டார் சைக்கிள் இல்லையென்றால் அதை லீசிங்கில் எடுத்து மாதாமாதம் கட்ட வேண்டிவருமா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. அவற்றைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும். கணக்காய்வு நிறுவனத்தின் 35,000 இல் 8 வீதமான 2,800 கழிந்தால் 32,200 மிஞ்சும். அதிலிருந்து பஸ் காசு போகும்.

ஆகவே, இலக்கை எட்டாத மாதத்தில், கூடிய சம்பளம் என்று வீட்டில் சொல்லப்படும் வேலையே குறைந்த பணத்தைத் தருகிறது. பன்னிரண்டு மாதமும் இலக்கை எட்டினால் கையில் 45,600 வரும். அப்போது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 13,400. ஆறு மாதங்கள் மட்டும் எட்டினால், மாதச் சராசரி 36,600 ஆகி, வித்தியாசம் 4,400 ஆகச் சுருங்கிவிடும். 23,000 என்று நீங்கள் எல்லோரும் மனத்தில் வைத்திருக்கும் வித்தியாசம் எந்த மாதத்திலும் உங்கள் கைக்கு வரப்போவதில்லை. எத்தனை மாதங்கள் அந்த 18,000 உண்மையாகவே கிடைக்கிறது என்பதைக் கிளை முகாமையாளரிடம் கேட்பதைவிட, அங்கே ஓராண்டுக்கு மேல் வேலை செய்யும் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் மாதங்களில் கடன் வசூலாவதும், விதைப்புக் காலத்திலும் வெள்ளக் காலத்திலும் நின்றுபோவதும் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இன்னொரு சிறிய தொகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொழில்தருநர், ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் தமது பணத்திலிருந்து கட்டவேண்டும். அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கட்டுவார்களாயின், முதலாவது இடத்தில் மாதம் 4,500 ரூபாயும் இரண்டாவது இடத்தில் 5,250 ரூபாயும் உங்கள் பெயரில் சேரும். ஐந்து ஆண்டு பூர்த்தியானபின் கிடைக்கும் பணிக்கொடையும் ஊக்குவிப்புக் கொடுப்பனவைப் பார்த்துக் கணிக்கப்படுவதில்லை.

இவ்வளவும் சொன்னதால், கண்ணை மூடிக்கொண்டு கணக்காய்வு நிறுவனத்துக்குப் போகச் சொல்கிறேன் என்று எண்ணவேண்டாம். நல்ல எதிர்காலம் இருக்கிறது என்ற அவர்களுடைய வார்த்தையைத்தான் நான் மிகுந்த கவனத்தோடு பார்க்கச் சொல்வேன். உங்கள் வயதில் நானும் அதே வார்த்தையை நம்பி, தொழில் பழகலாம் என்று ஒரு கணக்கு அலுவலகத்தில் மிகக் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தேன். மூன்று ஆண்டுகள் பற்றுச்சீட்டுகளை அடுக்கி இலக்கமிட்டேன். வங்கிக்கும் தபாலகத்துக்கும் போய்வந்தேன். மற்றவர்கள் தயாரித்த அறிக்கைகளைப் பிரதி எடுத்துக் கட்டினேன். ஒரு வியாபாரத்தின் இறுதிக் கணக்கை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒருமுறையேனும் என் கையால் செய்ய விடவில்லை. விலகும்போது, இன்ன திகதியிலிருந்து இன்ன திகதிவரை இங்கு வேலை செய்தார் என்ற இரண்டு வரிக் கடிதமே கிடைத்தது. குறைந்த சம்பளத்தைப் பொறுத்துக்கொண்டதற்காக எதிர்காலம் தானாக வந்து சேரவில்லை. வீட்டுக்கு உதவாமல் கழிந்த அந்த மூன்று ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வருந்துகிறது. அதனால்தான் உங்களிடம் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

எனவே அந்த நிறுவனத்திடம் நேராகக் கேளுங்கள்: இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் அங்கீகரித்த பயிற்சி இடமா, உங்களைப் பயிலுநராகப் பதிவு செய்வார்களா? பட்டயக் கணக்காளராவதற்குப் பரீட்சைகள் மாத்திரம் போதாது, அங்கீகாரம் பெற்ற இடத்தில் மூன்று ஆண்டு நடைமுறைப் பயிற்சியும் வேண்டும். உங்கள் 35,000 ரூபாய் வேலை அந்த மூன்று ஆண்டுகளுக்குள் அடங்குமானால், அதன் பெறுமதி சம்பளத்தைக் காட்டிலும் மிகப் பெரியது. பதிவு இல்லையென்றால் அது நகரிலுள்ள இன்னொரு எழுதுவினைஞர் வேலைதான். பரீட்சைக்கு முன் விடுமுறை தருவார்களா, கணக்காய்வுக்காக வெளி இடங்களுக்கு உங்களையும் அழைத்துச் செல்வார்களா, ஓராண்டின் பின் சம்பளம் எவ்வாறு மீளாய்வு செய்யப்படும் என்பவற்றையும் கேட்கலாம். ஆனால் எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கையான கேள்வி வேறொன்று: இந்த நாற்காலியில் ஐந்து ஆண்டுக்கு முன்பு இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? மூத்த உதவியாளராக அங்கேயே இருக்கிறார், கொழும்பில் ஒரு நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறார் என்று ஆளைக் காட்டினால் நம்பலாம். வருடத்துக்கு ஒருவர் வந்துபோன நாற்காலி என்றால், நீங்களும் அவ்வாறே போகவேண்டியிருக்கும். இதே கேள்வியைக் கடன் நிறுவனத்திடமும் கேளுங்கள்; அங்கும் கள உத்தியோகத்தராகச் சேர்ந்து கிளை முகாமையாளரானவர்கள் இருக்கக்கூடும். கடன் கேட்பவரின் வருமானத்தை மதிப்பிடத் தெரிவதும் ஒரு நல்ல தொழிலறிவே. ஆனால் உங்களுக்குத் தரப்படும் வலயம் உங்கள் சொந்த ஊர் என்றால், தவணை கட்ட முடியாமல் நிற்கும் பெரியம்மாவின் வாசலிலும் சித்தியின் வாசலிலும் நீங்கள்தான் போய் நிற்கவேண்டும் என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

நகை விடயத்தில், அடகுச் சீட்டை எடுத்து மீட்கவேண்டிய திகதியைப் பாருங்கள். அறுவடைப் பணத்தில் அப்பா அதை மீட்க முடியும் என்றால் உங்கள் சம்பளத்தை அந்தச் சுமையிலிருந்து விலக்கிவைத்தே முடிவெடுக்கலாம். திகதி நெருங்கிவிட்டது, விளைச்சலும் சரியில்லை என்றால் நிலைமை வேறு. நகை ஏலத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு எதிர்காலத்தைப் பற்றிப் பேச நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அப்போது கடன் நிறுவனத்தில் ஓராண்டு வேலை செய்து நகையை மீட்டபின் பயிற்சிக்குச் செல்வதில் தவறேதும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டு விலகமுடியாது என்ற பிணைமுறி எதிலும் ஒப்பமிட்டுவிடாதீர்கள். அவசரம் இல்லை, பயிற்சிப் பதிவும் உண்டு என்றால், என் முடிவு 35,000 ரூபாய் வேலைதான். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள்; விதைக்கும் முன்பு செலவையும் வரவையும் கணக்குப் பார்க்கும் மனிதருக்கு இது விளங்கும்.

கேள்வி: நான் திருக்கோவிலைச் சேர்ந்தவன். சமையல் துறையில் தேசிய தொழில் தகைமை (என்.வி.கியூ) நான்காம் மட்டம் முடித்திருக்கிறேன். அறுகம்பையில் ஒரு விடுதியில் 45,000 ரூபாய் சம்பளமும் சாப்பாடும் தருவதாகச் சொல்கிறார்கள். கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் ஆரம்பநிலைச் சமையல் உதவியாளருக்கு 32,000 ரூபாயும் சேவைக் கட்டணத்தில் பங்கும் தங்குமிடமும் உண்டு. ஊரோடு இருந்து கூடுதலாக உழைப்பது நல்லதல்லவா?

பதில்: தம்பி, அறுகம்பையின் அலையும் வெளிநாட்டுப் பயணிகளும் சித்திரை தொடக்கம் ஐப்பசி வரையில்தான் என்பது உங்களுக்கே தெரியும். அந்த விடுதி பருவகாலம் முடிந்ததும் சம்பளத்தை நிறுத்திவிடுமானால், ஏழு மாதத்துக்கு 45,000 வீதம் ஓராண்டில் கிடைப்பது 315,000 ரூபாய். பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 26,250. கொழும்பில் சேவைக் கட்டணத்தைச் சேர்க்காமலே ஓராண்டுக்கு 384,000 வருகிறது. பன்னிரண்டு மாதமும் சம்பளம் தருவோம் என்று விடுதிக்காரர் நியமனக் கடிதத்தில் எழுதித் தந்தால் மட்டுமே உங்கள் கேள்விக்கு இடமுண்டு.

அப்போதும் நான் கொழும்பையே சொல்வேன். பெரிய சமையற்கூடத்தில் இறைச்சி, பேக்கரி, குளிர் உணவு என்று பகுதிகள் வேறு வேறாக இருக்கும். ஒவ்வொன்றிலும் உங்களை மாற்றி மாற்றி வைப்பார்களா என்பதை உறுதிசெய்துகொண்டு போங்கள். இரண்டு ஆண்டுகள் ஒரே மூலையில் வெங்காயம் வெட்டுவதற்கு ஊரை விட்டுப் போகவேண்டியதில்லை. சேவைக் கட்டணத்தில் புதியவருக்கும் முழுப் பங்கு உண்டா, தகுதிகாண் காலம் முடிந்த பின்புதான் கொடுப்பார்களா, கடந்த ஆண்டின் மிகக் குறைந்த மாதத்தில் அந்தப் பங்கு எவ்வளவாக இருந்தது என்பவற்றை அங்கே வேலை செய்பவரிடம் விசாரியுங்கள். சம்பளத்தையும் இந்தப் பங்கையும் கூட்டிச் சொல்லி ஆசைகாட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: கல்முனையிலிருந்து எழுதுகிறேன். என் மகள் பட்டம் பெற்று ஒன்றரை ஆண்டாகிறது. தனியார் நிறுவனமொன்றில் 40,000 ரூபாய்க்கு வேலை கிடைத்திருக்கிறது. அரசாங்க நியமனம் வரும்வரை வீட்டில் இருக்கட்டும் என்று நான் நினைக்கிறேன். சரியா?

பதில்: ஐயா, உங்கள் அக்கறை எனக்கு விளங்குகிறது. நமது பிரதேசத்தில் அரசாங்க வேலைக்கு இருக்கும் மதிப்பு வீணாக வந்ததல்ல. ஆனால் நியமனத்துக்குத் திகதி இல்லை. தனியார் வேலைக்குத் திகதி இருக்கிறது. 2020 இல் பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்தபோதும் பயிற்சிக் காலத்தில் கொடுக்கப்பட்டது மாதம் 20,000 ரூபாய்தான். தனியார் வேலையில் இருப்பதால் அரசாங்கப் போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பிப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. வீட்டில் இருந்து கழியும் ஒவ்வோர் ஆண்டும் அடுத்த நேர்முகத் தேர்வில், இவ்வளவு காலமும் என்ன செய்தீர்கள் என்ற கேள்வியாகத் திரும்பி வரும். அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் உங்கள் மகள்தான்.

அவரைப் போக விடுங்கள். அந்தத் தனியார் நிறுவனத்தின் நியமனக் கடிதம் கைக்கு வந்ததும், விலகுவதென்றால் எத்தனை நாள் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும் என்று எழுதியிருக்கும் பந்தியை அவரோடு சேர்ந்து வாசியுங்கள். ஒரு மாதம் என்றிருந்தால் பிரச்சினை இல்லை. மூன்று மாதம் என்றிருந்தால், ஒப்பமிடும் முன்பே அதைக் குறைத்துத் தரும்படி கேட்கச் சொல்லுங்கள். அரசாங்கத்தில் கடமையேற்கக் கொடுக்கும் அவகாசம் அவ்வளவு நீளமாக இராது.